நாட்றாம்பாளையத்துக்குப் போன சாக்குகள்

அந்தத் தாளை எழுதி ஒட்டியவள் நான்தான். பால் சொசைட்டியின் பச்சைக் கதவில், பால் ஊற்ற வருகிறவர்கள் எல்லோர் கண்ணிலும் படும் உயரத்தில் ஒட்டினேன். "மல்பெரியில் காணப்படும் வெள்ளை மாவுப்பூச்சியைக் கண்டு பயப்பட வேண்டாம். மார்கழிக் குளிரில் அது தானாகக் குறைந்துவிடும். மருந்து அடிக்க வேண்டாம்." கீழே என் பெயரைப் போடவில்லை. ஆனால் ராயக்கோட்டைக்கும் கெலமங்கலத்துக்கும் நடுவிலிருந்த அந்த ஊரில், இந்த மாதிரி தாள் ஒட்டுகிறவள் 'பூச்சி மேடம்' ஒருத்திதான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நான் சாத்தூர் பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்தவள். அப்பா பருத்தி போட்டார். இலையைத் திருப்பிப் பார்த்து என்ன பூச்சி என்று சொல்வது சின்ன வயதிலேயே எனக்கு வந்துவிட்ட பழக்கம். பிறகு கல்லூரியில் விலங்கியல் படித்தேன். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் கல்யாணமாகி ஓசூருக்கு வந்தேன். கணவருக்குத் தொழிற்பேட்டையில் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை.

ஓசூரில் என்னை முதலில் மிரட்டியது குளிர்தான். வந்த முதல் மார்கழியில் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் கல்லாக உறைந்துபோனது. வெயிலில் வைத்து, உச்சிப்பொழுதுக்குத்தான் தலையில் தேய்க்க முடிந்தது. ஷிஃப்ட் பஸ்ஸுக்காக நிற்கும் ஆண்கள் மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். குரங்குக் குல்லாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, யார் எந்த ஊர் என்றே தெரியாமல் நிற்பார்கள். வீட்டுக்கார அம்மா கன்னடம் பேசுகிறவர். "சளி ஜாஸ்தி" என்று அவர் சொன்னபோது அவருக்கு நெஞ்சுச் சளி என்று நினைத்து மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். கன்னடத்தில் சளி என்றால் குளிர் என்பது, ரசத்தை அவர் குடித்து முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த ஆண்டு எனக்கு ஒரு வேளாண் ஆராய்ச்சித் திட்டத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. வாரம் ஒரு முறை குறிப்பிட்ட தோட்டங்களுக்குப் போக வேண்டும். தக்காளி, கோஸ், மா, மல்பெரி எதுவானாலும் இலைகளைப் பார்த்து, என்ன பூச்சி எத்தனை என்று நோட்டில் எழுத வேண்டும். மஞ்சள் நிற ஒட்டும் அட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டு, அதில் ஒட்டியிருப்பவற்றைப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். ஒரு தோட்டத்தில் மட்டும், வெயில் படாத மரப்பெட்டிக்குள் ஒரு வெப்பமானி வைத்திருந்தோம். வருஷத்துக்கு வருஷம் பருவம் எப்படி மாறுகிறது, அதோடு பூச்சிகள் எப்படி இடம் மாறுகின்றன என்று பார்ப்பதுதான் திட்டம். அந்த நாளில் எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பஸ்ஸில் போய்வரப் பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

வெப்பமானி வைத்த தோட்டம், பால் சொசைட்டி இருந்த அதே ஊரில், ஒரு கணவன் மனைவியுடையது. அவர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், அதனால் அக்கா என்றேன். அவர் கணவரை அண்ணன் என்றேன். அவர்கள் வீட்டுக்குள் தெலுங்கு, என்னிடம் தமிழ், பட்டுக்கூடு விற்கப் போனால் கன்னடம் பேசுவார்கள். இரண்டு ஏக்கர் மல்பெரி. வீட்டை ஒட்டிப் புழு வளர்க்க ஓடு போட்ட ஒரு நீளமான கொட்டகை. பட்டுப்புழு மல்பெரி இலையைத் தவிர வேறு எதையும் தின்னாது. நான்கு முறை தோலுரிக்கும். தோலுரிக்கும்போது தின்னாமல் தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடப்பதால் அந்தப் பக்கத்தில் அதை ஜுரம் என்பார்கள். "ரெண்டாம் ஜுரத்துல இருக்குது, சத்தம் போடாம வா" என்று அக்கா வாசலிலேயே விரலைக் காட்டுவார். நாலாம் ஜுரம் முடிந்து எழும் புழுக்கள் ஒரு வாரம் பேய்த்தீனி தின்னும். வாழ்நாளில் தின்னும் இலையில் பெரும்பகுதி அந்த ஒரு வாரத்தில்தான். அதற்குப் பிறகு கூடு கட்டும்.

நான் வாரத்துக்கு ஒரு நாள்தான் போவேன். வெப்பமானியைத் தினமும் பார்க்க வேண்டும். அக்கா தானாகவே, "நா பாத்து எழுதறேன் மேடம்" என்றார். காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, பெட்டியைத் திறந்து பார்த்து, தேதி கிழிக்கும் காலண்டரின் தாளில் அந்த எண்ணை எழுதிவைப்பார். கிழித்த தாள்களைக் கம்பியில் குத்தி வைத்திருப்பார். நான் போகும்போது அந்த வாரத்துத் தாள்களிலிருந்து என் நோட்டுக்கு ஏற்றிக்கொள்வேன். இரண்டாவது வருஷத்திலேயே மேடம் போய் 'கண்ணு' வந்துவிட்டது. அண்ணனுக்கு மட்டும் கடைசிவரை நான் மேடம்தான்.

ஐந்தாறு வருஷம் இப்படிப் போயிற்று. என் பூச்சிப் பட்டியலில் மாற்றங்கள் வந்தன. முன்பு மே மாதத்தில் மட்டும் பார்த்த வெள்ளை ஈயைத் தை மாதத்திலும் பார்த்தேன். என் ஊர்ப் பக்கத்துப் பருத்தியில் மட்டுமே நான் அறிந்திருந்த சில பூச்சிகள், உங்கள் ஊருக்கு நானும் வந்துவிட்டேன் என்பதுபோலக் கோஸ் இலைக்கு அடியில் இருந்தன. நான் எழுதிக்கொண்டேன். எழுதுவதுதான் என் வேலை என்று நினைத்தேன்.

அந்த வெள்ளை மாவுப்பூச்சியை நான் முதலில் பார்த்தது தோட்டத்தில் இல்லை; ஓசூரில், எங்கள் வீட்டுக்கார அம்மாவின் பப்பாளி மரத்தில். புரட்டாசி மாதம். காய்களின் மேல் யாரோ கோலமாவைக் கொட்டிவிட்டதுபோல இருந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் மாவு அசைந்தது. எறும்புகள் வரிசையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஐப்பசியில் அக்காவின் மல்பெரியில் நாலைந்து குருத்துகள் சுருண்டு, உள்ளே அதே மாவு இருந்தது.

அலுவலகத்தில் திட்டத்தைப் பார்த்துக்கொண்ட சாரிடம் ஓர் இலையை உறையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் நிதானமான மனிதர். வெகுநேரம் பார்த்தார்.

"மாவுப்பூச்சி வழக்கமா இந்தப் பக்கத்துக் குளிர்ல கொறைஞ்சிடும்மா. ஆனா, இது புதுசா இருக்கும்போல. லேபுக்கு அனுப்பிப் பாக்கலாம்" என்றார்.

சார் சொன்னதில் ஓர் 'ஆனா' இருந்தது. தாளில் எழுதும்போது அதை விட்டுவிட்டேன். படிக்கிறவர்கள் குழம்புவார்களே என்று நினைத்தேன். அதோடு, எனக்கு ஓசூர்க் குளிரின் மேல் ஒரு நம்பிக்கை இருந்தது. என்னையே நடுங்க வைத்த குளிர், ஒரு பூச்சியை விட்டுவிடுமா?

தாள் ஒட்டிய அன்று அக்கா என்னிடம் தனியாகக் கேட்டார். அவர் முகம் இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கையில் களைக்கொத்து; நெற்றியில் மண்.

"கண்ணு, மார்கழில புழு எடுக்கலாமுன்னு இருக்கறோம். புழு மையத்துல முன்னாடியே சொல்லி வெச்சாதான் குஞ்சுப் புழு தருவாங்க. எடுக்கட்டுமா, வேணாமா? அவரு வேணாங்கறாரு."

"எடுங்கக்கா. குளிர் வந்தா இது நிக்காது" என்றேன்.

"நீ சொன்னா சரி."

மார்கழி வந்தது. குளிர் வரவில்லை. காலையில் பனி இருந்தது, அதுவும் எட்டு மணிக்குள் போய்விட்டது. வானம் மூடியே கிடந்தது, மழையும் இல்லை. எங்கள் வீட்டில் எண்ணெய் உறையாமல், லேசாகக் கலங்கி மட்டும் நின்றது. பஸ்ஸில் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து போனேன், கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு. அதற்கு முந்தைய வருஷங்களில் அந்த மாதத்தில் அப்படிப் போனதே இல்லை. அந்த வாரங்களில் அக்காவின் காலண்டர் தாள்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து எடுத்து நோட்டில் ஏற்றினேன். முந்தைய மார்கழிகளில் எழுதியவற்றைவிட எல்லாமே கூடுதல் எண்கள். என் கை எழுதியது. என் மனம் அதைப் படிக்கவில்லை.

புழு மூன்றாம் ஜுரத்தில் கிடந்தபோது தோட்டத்தின் மேற்குப் பாத்தி முழுக்க வெளுத்துவிட்டது. நாலே நாளில் கிழக்குப் பாத்தியும் வெளுத்தது. குருத்துகள் சுருண்டு முறுக்கிக்கொண்டன. அடியிலைகளில் பூச்சி விட்ட பிசினும், அதன் மேல் படிந்த கரும்புகைபோன்ற பூஞ்சணமும் இருந்தன. அந்த இலையைப் போட்டால் புழு முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப்போயிற்று. அண்ணன் மருந்து அடிக்கும் கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார்.

"அடிச்சிட்றேன். என்ன ஆவுதோ ஆவட்டும்."

"அடிச்சா பாஞ்சு நாளு எலய தொட முடியாது. புழுவு பாஞ்சு நாளு பட்டினி கெடக்குமா? ரெண்டு நாளு கெடக்காது" என்றார் அக்கா.

அண்ணன் என்னைப் பார்த்தார். "மேடம், நீங்க சொல்லுங்க."

சோப்புத் தண்ணீர் அடிக்கச் சொன்னேன். அடித்தோம். மாவு கலைந்து ஒழுகியது. இரண்டு நாளில் திரும்பி வந்தது. நல்ல இலைகளாகப் பார்த்துப் பறித்து, தொட்டித் தண்ணீரில் அலசி, சேலையை விரித்து உலர்த்தினோம். ஈர இலை புழுவுக்கு ஆகாது என்பதால் ஒவ்வோர் இலையாகத் துடைத்தோம். இரண்டு பேர் முழுப் பகலும் துடைத்தால் ஒரு வேளைத் தீனிக்கு வந்தது. புழுவுக்கு ஒரு நாளில் நாலு வேளை.

நாலாம் ஜுரம் முடிந்து புழுக்கள் எழுந்தன. கொட்டகைக்குள் நுழைந்ததும் நான் பார்த்ததை எப்படிச் சொல்வது? நன்றாகத் தின்னும் புழு தலையைக் குனிந்தே இருக்கும். நிமிராது. அன்று தட்டு தட்டாக எல்லாப் புழுக்களும் தலையைத் தூக்கி இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருந்தன. தட்டை விட்டு எங்கும் போகாத அந்தப் பிராணிகள் விளிம்புக்கு ஊர்ந்து வந்து, வெளியே எட்டிப் பார்ப்பதுபோல நின்றன. அக்கா அங்கே நிற்கவில்லை. வெளியே வந்து முந்தானையை இடுப்பில் செருகினார்.

"நாட்றாம்பாளையத்துல எங்க சித்தப்பா மவன் கால் ஏக்கரு மல்பெரி போட்டிருக்கறான். அங்க பூச்சி போவலியாம். போயி எல கொண்டாந்திர்றேன். நீ வர்றியா?"

அன்று அலுவலகத்துக்கு நான் போன் போட்டு வரவில்லை என்று சொன்னேன். அக்கா கொட்டகை மூலையிலிருந்து ஆறு சாக்குகளை எடுத்தார். தினமும் தோட்டத்து இலையைக் கட்டிக் கொண்டுவரும் சாக்குகள். உதறினார், மடித்தார், கட்டினார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

தேன்கனிக்கோட்டை போய், அஞ்செட்டி பஸ் பிடித்தோம். காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்கும் பாதை. யானை கடக்கும் இடங்களில் டிரைவர் வேகத்தைக் குறைத்தார். அக்கா மடியில் சாக்குக் கட்டை வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அஞ்செட்டியிலிருந்து இன்னொரு பஸ். நாட்றாம்பாளையத்தில் இறங்கி, மலையடிவாரத்தில் காட்டை ஒட்டி இருந்த அந்த நிலத்துக்கு நடந்தோம்.

மல்பெரி பச்சையாக நின்றது. அப்படி ஒரு பச்சையைப் பார்த்து இரண்டு மாதமாகியிருந்தது. அக்கா ஓர் இலையைப் பறித்துத் திருப்பிப் பார்த்தார், அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அவருடைய தம்பி முறையானவர் ஒல்லியான மனிதர், குறைவாகப் பேசுபவர்.

"எவ்ளோ வேணுமோ அறுத்துக்க. நா இந்த வாட்டி புழு எடுக்கல" என்றார். விலை பேசவே இல்லை. அவர் மனைவி எங்களுக்கு ராகிக் களியும் அவரைக்காய்க் குழம்பும் போட்டார். வேலியோரம் சாக்குகளை விரித்துப் போட்டு, இலையை அறுத்து நிரப்பினோம்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று முறை போய்வந்தோம். பஸ்ஸின் கூரையில் ஏற்றினால் வெயிலில் வாடும் என்று கண்டக்டரிடம் கெஞ்சி உள்ளேயே வைத்தோம். "இன்னாம்மா, ஆடு வளக்கறீங்களா?" என்று ஒருவர் கேட்டார். அக்கா, "புழுவுக்குங்க" என்றார். அவர் காலைத் தூக்கி இடம் விட்டார்.

ஆனாலும் போதவில்லை. காலையில் அறுத்த இலை கொட்டகைக்கு வரும்போது பாதி துவண்டிருந்தது. பட்டினியும் வாடிய இலையும் சேர்ந்து புழுக்களுக்கு நோய் வந்தது. உடம்பு தளர்ந்து, கறுத்து, தொட்டால் தோல் கிழிந்து நீர் வடிந்தது. கொட்டகைக்குள் ஒரு புளித்த வாடை எழுந்தது. தப்பிய கொஞ்சத்தைச் சந்திரிகையில், கூடு கட்ட விடும் மூங்கில் தட்டில், விட்டார்கள். கட்டின கூடுகள் வெங்காயத் தோல்போல மெலிந்திருந்தன. உள்ளே புழு நிழலாகத் தெரிந்தது.

மற்றதைப் புதைத்தோம். அண்ணன் கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டினார். தட்டுத் தட்டாகக் கொட்டி, சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் தூவினோம். சில புழுக்கள் இன்னும் அசைந்தன. அக்கா அவற்றைத் தனியாகப் பொறுக்க முயன்றார். அண்ணன் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, "உடு" என்றார். அக்கா விட்டார்.

குழியை மூடிய பிறகு, கை கழுவும் இடத்தில் அக்கா என்னிடம் பேசினார். கோபமாகப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தெனமும் காத்தால நாந்தான கண்ணு அந்தப் பொட்டிய தொறந்து பாத்தேன். குளிரு இல்லன்னு என் கையாலதான எழுதுனேன். நீ சொன்னத நம்புனேன், நா எழுதுனத நம்பல. படிச்சவ சொல்றா, எனக்கு இன்னா தெரியும்னு இருந்துட்டேன்."

அன்று மாலை பால் சொசைட்டிக் கதவிலிருந்து அந்தத் தாளைக் கிழித்தேன். பாதிதான் வந்தது. பசை பிடித்த பாதி கதவிலேயே நின்றுவிட்டது.

மாசி கடைசியில் அக்காவுக்கு நாட்றாம்பாளையத்திலிருந்து போன் வந்தது. அந்த வாரம் நான் போனபோது அக்கா சொன்னார்: "அங்கயும் வெள்ளப் பூச்சி வந்திடுச்சாம்."

நான் கொட்டகை மூலைக்குப் போனேன். அந்த ஆறு சாக்குகளும் அங்கேயே மடித்துக் கிடந்தன. ஒன்றை வெளிச்சத்துக்கு எடுத்து வந்து, தையல் போட்ட விளிம்பைப் பிரித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தையலின் இடுக்கில் பஞ்சுபோல முட்டைப் பைகளின் கூடுகள். காலி. எதுவோ பொரித்து வெளியேறிவிட்டது. பொரிக்கும் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னவை. காற்றிலேயே போகக்கூடியவை, எறும்பு தூக்கிப் போகக்கூடியவை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் காட்டைத் தாண்டிப் போக அவற்றுக்கு எறும்போ காற்றோ வேண்டியிருக்கவில்லை. நாங்கள் மடியில் வைத்து, டிக்கெட் எடுத்து, பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தோம்.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை எப்படிப் பிடிப்பது என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் பலமுறை பார்த்திருக்கிறார். வெகுநேரம் பார்த்தார்.

"நாமதானா?"

"நிச்சயமாச் சொல்ல முடியாதுக்கா. வேற வழியாவும் வந்திருக்கலாம்."

"நாமதானான்னு கேட்டேன்."

"நாமதாங்க்கா. அப்படித்தான் தோணுது. கெளம்பும்போது சாக்கப் பாத்திருக்கணும். பூச்சி பாக்கிறதுதான் என் வேலையே. நான் பாக்கல."

அக்கா கண்ணாடியை என் கையில் கொடுத்தார். உள்ளே போய் இரண்டு அரிவாளை எடுத்துத் துணியில் சுற்றினார். மறுநாள் காலை இருவரும் திரும்பவும் அஞ்செட்டி பஸ்ஸில் இருந்தோம். சாக்கு எதுவும் இல்லாமல்.

தம்பி எங்களைப் பார்த்ததும் வேலியோரத்தைக் காட்டினார். நாங்கள் சாக்கு விரித்த இடம். அங்கிருந்துதான் வெள்ளை ஆரம்பித்திருந்தது. அங்கே அடர்த்தி, உள்ளே போகப் போகக் குறைவு. அக்கா எதையும் சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, எங்க சாக்குலதான் வந்திருக்குது. தெரிஞ்சி செய்யல. தெரியாம செஞ்சாலும் செஞ்சது நாந்தான்."

"நானும்தாண்ணா" என்றேன்.

அவர் அரிவாளை எடுத்து வந்து, வேலியோர வரிசையை அடியோடு அறுக்க ஆரம்பித்தார். நாங்களும் அறுத்தோம். இரண்டு நாள் அங்கேயே தங்கி, பூச்சி தெரிந்த செடிகளையெல்லாம் அறுத்துக் குவித்து எரித்தோம். பச்சைக் குச்சி சுலபமாக எரியவில்லை. காட்டிலிருந்து சுள்ளி பொறுக்கி வந்து போட வேண்டியிருந்தது. அவர் மனைவி சோறு போட்டார். ஆனால் முதல் தடவைபோல எங்களோடு உட்கார்ந்து பேசவில்லை. அது சரிதான் என்று எனக்குப் பட்டது. ஊருக்குக் கிளம்பும்போது தம்பி அக்காவிடம் மட்டும், "மாமாவக் கேட்டேன்னு சொல்லு" என்றார்.

அலுவலகத்தில் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாளில் அவருடைய 'ஆனா'வை விட்டதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. மாதிரியை அனுப்பியதில் அது வெளிநாட்டிலிருந்து வந்த புதுப் பூச்சி என்று தெரிந்திருந்தது. தமிழ்நாட்டின் பல பக்கங்களிலும் பப்பாளியும் மரவள்ளியும் அதனால் அழிந்துகொண்டிருந்தன.

"குளிர் கொறைஞ்சதாலதான் சார் இங்க நின்னுச்சு" என்றேன்.

"ஒரு மார்கழிய வெச்சு அப்படிச் சொல்ல முடியாதும்மா. அடுத்த வருஷம் நல்லாக் குளிரலாம். இது எந்தக் குளிரையும் தாங்கற வகையாக்கூட இருக்கலாம். உலகம் சூடாகுது, உண்மைதான். பூச்சி மேட்டுக்கு ஏறும்னு சொல்றாங்க, அதுவும் நடக்கும். ஆனா எந்தப் பூச்சி, எந்த வருஷம்னு நம்மால சொல்ல முடியாது."

என் கணவர், எல்லாம் ஓசூரில் பெருகிய கம்பெனிகளாலும் தார் ரோட்டாலும் வெட்டின மரங்களாலும் வந்த சூடு என்றார். வீட்டுக்கார அம்மா கலிகாலம் என்றார். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. இன்றும் தெரியாது. என் நோட்டுகளில் எண்கள் இருந்தன. அக்காவின் கம்பியில் தாள்கள் இருந்தன. அவை ஒரே பக்கம் சாய்ந்திருந்தன, அதை மட்டும் சொல்ல முடியும்.

அண்ணன் அந்தக் கோடையில் ஒரு ஏக்கர் மல்பெரியை வேரோடு பிடுங்கினார். ஓசூரில் ஒரு கம்பெனியில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலைக்குப் போக ஆரம்பித்தார். காலை ஐந்தரை பஸ்ஸில் போய் மாலை திரும்புவார். தோட்டத்தை அக்கா தனியாகப் பார்த்தார். கொட்டகையில் மாடு கட்டினார்.

அடுத்த மழைக்காலத்தில் அந்தக் குளவி வந்தது. குளவி என்று பெயரே தவிர, கடுகில் பாதிகூட இருக்காது. மங்கின மஞ்சள் நிறம், கொட்டாது. அந்த மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். பூச்சியின் சொந்த ஊரிலிருந்து வரவழைத்து, பெருக்கி, மாவட்டம் மாவட்டமாகக் கொடுத்தார்கள். எங்கள் அலுவலகத்துக்கும் சின்னச் சின்னக் குப்பிகளில் வந்தது. எந்தத் தோட்டத்துக்கு முதலில் என்று சார் ஒரு பட்டியல் போட்டார். நாட்றாம்பாளையம் அதில் கடைசியில் இருந்தது.

"சார், அதை முதல்ல வைக்கணும்" என்றேன்.

அவர் பேனாவை என்னிடம் தள்ளினார்.

இரண்டு குப்பிகளைப் பஞ்சு சுற்றி, சாப்பாட்டுத் தூக்கில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். அக்காவும் வந்தார். தம்பியின் நிலத்தில் வெட்டிய இடங்களில் குச்சி தழைத்திருந்தது. தழைப்பிலும் வெள்ளை இருந்தது. அவர் குப்பியை வாங்கி வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். உள்ளே தூசுபோல ஏதோ நகர்ந்தது.

"இத்துனூண்டு. இது போயி அத்த திங்குமா?"

"திங்கும்ணா. வேற மாவட்டத்துல திங்கிறத நானே பாத்தேன்."

"பூச்சி தீந்துட்டா? அப்புறம் இது வேற எதத் திங்கும்? எலயத் திங்குமா? புழுவத் திங்குமா?"

"இல்லண்ணா. அந்த ஒரு பூச்சியத்தான் திங்கும். அது இல்லன்னா இதுவும் செத்துப்போகும்."

அவர் குப்பியை இன்னொரு முறை சாய்த்துப் பார்த்தார்.

"அப்படின்னா இது இருக்கோணும்னா அதுவும் கொஞ்சம் இருந்துகிட்டே இருக்கோணும்."

"ஆமாண்ணா."

"ஒரேடியா போவாது."

"போகாதுண்ணா. கொறையும். எவ்வளவு கொறையும்னு எனக்குத் தெரியல. வந்து வந்து பாக்கிறேன்."

அவர் என்னை அப்போதுதான் நேராகப் பார்த்தார். பிறகு வெள்ளை படிந்த ஒரு கிளையைத் தாழ்த்திப் பிடித்து, "நீயே தொற அக்கா" என்று குப்பியை அக்காவிடம் நீட்டினார். அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கி, மூடியை மெதுவாகத் திருகினார்.